நட்டக் கணக்கில் வராத கிலோமீட்டர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் நட்டம் குறித்த செய்திகள் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையேனும் நாளிதழ்களில் வெளிவருகின்றன. அவற்றைத் தொடர்ந்து, மக்களின் வரிப்பணத்தைப் பேருந்துகள் விழுங்குவதாகக் கடிதங்களும் வருகின்றன. நான் அத்தகைய கழகம் ஒன்றின் பணிமனைக் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த எண்களைக் கூட்டிக் கொடுத்த கைகளில் என் கையும் ஒன்று என்பதால், அவை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அவை பாதிக் கணக்கு என்பதுதான் என் முறையீடு. தமிழ்நாட்டு மக்கள் அன்றாடம் போய்வருவதற்கு ஆகும் மொத்தச் செலவில், பேருந்துக்கு ஆவதை மட்டும் காசு வரை எழுதி வைத்துக்கொண்டு, ஏனைய வாகனங்களால் ஆவதை எந்தப் பேரேட்டிலும் ஒன்றாகச் சேர்த்து எழுதாமல் விட்டிருக்கிறோம். எழுதியது நட்டமாகக் கண்ணில் படுகிறது, எழுதாதது இல்லாததாகவே ஆகிவிட்டது.

2021 ஆகஸ்ட் 9ஆம் நாள், அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை குறித்த வெள்ளை அறிக்கையை வெளியிட்டபோது, அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம் என்ற விவரம் பரபரப்பாகப் பேசப்பட்டது. பெருந்தொற்றின் நிழல் படிந்த காலத்துக் கணக்கு அது என்றாலும், மறைக்காமல் வெளியிட்டது நல்ல செயலே. ஆனால் அதே வாரம், ஆகஸ்ட் 13ஆம் நாள் தாக்கலான நிதிநிலை அறிக்கையில் பெட்ரோல் மீதான மாநில வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே கூறியது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என்று ஆணை பிறந்தபோது, அதற்காக அரசு கழகங்களுக்கு ஈடு செய்ய வேண்டிய தொகை ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டிருந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே தொகை. பெண்கள் பேருந்தில் செல்வதற்குத் தரும் தொகையை 'இலவசம்' என்றும், சொந்த வண்டியில் செல்வோருக்கு விட்டுக்கொடுத்த தொகையை 'நிவாரணம்' என்றும் நாம் அழைத்தோம். பெட்ரோல் வரிக் குறைப்பு தவறு என்று நான் வாதிடவில்லை. சாமானியர்களும்தான் வண்டி ஓட்டுகிறார்கள். ஒன்றுக்கு மட்டும் ஆண்டுதோறும் கணக்குக் கேட்பதும், மற்றொன்றை அந்த வாரத்தோடு மறந்துபோவதும் ஏன் என்றுதான் கேட்கிறேன்.

பொதுவாகப் பேசுவதைவிட எனக்குத் தெரிந்த ஒரு வழித்தடத்தை வைத்துச் சொல்வது முறையாக இருக்கும். எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரிலிருந்து 28 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இரவு 9:10 மணிக்கு நகரிலிருந்து புறப்பட்டு, ஊரில் தங்கி, விடியற்காலை 5 மணிக்குத் திரும்பும் பேருந்து ஒன்று நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் துறை வழக்கில் அதை 'நைட் ஹால்ட்' வண்டி என்போம். ஓட்டுநரும் நடத்துநரும் பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்துக்கொள்வார்கள். யாராவது ஒரு வீட்டிலிருந்து அவர்களுக்குக் குழம்பு போகும். நூற்பாலையிலும் துணிக்கடைகளிலும் இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிப்பவர்கள் அதில் வீடு திரும்பினார்கள். காலையில் பூவும் காய்கறியும் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்களும் அதிலேயே ஏறினார்கள். அதன் வசூல் ஒருநாளும் செலவை எட்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், கிலோமீட்டர் வருவாய் குறைந்த நடைகளைப் பட்டியலிட்டு ரத்து செய்தபோது அதுவும் பட்டியலில் ஏறியது. அந்தப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். என் ஊர் வண்டி என்பதற்காக அதை மட்டும் விட்டுவைப்பது நேர்மை ஆகாது என்று அன்று நினைத்தேன்.

வண்டி நின்ற ஓராண்டுக்குள் இரவு வேலைக்குப் போய்வந்த ஏறத்தாழ முப்பது பேர் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். இன்றைய விலையில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். போக வர 56 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் நாளொன்றுக்கு ஒரு லிட்டரும் சொச்சமும் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் 26 வேலை நாளுக்கு ஏறத்தாழ 2,900 ரூபாய். வண்டிக்கடன் தவணை 2,800 ரூபாய். ஆக 5,700 ரூபாய். பேருந்தில் சென்றிருந்தால் போக வர 40 ரூபாய் வீதம் 1,040 ரூபாய்தான். ஒருவருக்கு மாதம் 4,660 ரூபாய் கூடுதல். முப்பது பேருக்கு ஆண்டுக்கு 16 லட்சத்து 77 ஆயிரத்துக்கும் மேல். வெள்ளை அறிக்கையின் 59 ரூபாய் 15 காசு என்ற நட்டத்தையே எடுத்துக்கொண்டாலும், அந்த வண்டியின் 56 கிலோமீட்டரை நிறுத்தியதால் மிச்சம் என்று சொல்லக்கூடியது ஆண்டுக்கு 12 லட்சத்து 9 ஆயிரம் ரூபாய். கழகம் பன்னிரண்டு லட்சம் மிச்சப்படுத்தியதாக எழுதிக்கொண்டபோது, ஒரே ஓர் ஊர் பதினாறு லட்சத்தைக் கூடுதலாகச் செலவழிக்கத் தொடங்கியிருந்தது. தவணை மூன்றாண்டில் முடியும், உண்மைதான். அதற்குள் டயரும் செயினும் மாற்ற வேண்டிய காலமும் வந்துவிடும்.

அந்தப் பன்னிரண்டு லட்சமும் முழுமையான மிச்சம் அன்று. கிலோமீட்டர் நட்டம் என்பது ஒரு சராசரி. ஊழியர் ஊதியம், கடனுக்கு வட்டி, பணிமனைப் பராமரிப்பு, தலைமை அலுவலகச் செலவு என எல்லாவற்றையும் மொத்தக் கிலோமீட்டரால் வகுத்து வருவது. ஒரு நடையை நிறுத்துவதால் ஓட்டுநரின் ஊதியமோ வாங்கிய கடனின் வட்டியோ நின்றுவிடுவதில்லை. அவை மீதியுள்ள கிலோமீட்டர்களின் தலையில் ஏறுகின்றன. உண்மையில் நின்றுபோவது டீசலும் டயர் தேய்மானமும்தான். லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் என்ற கணக்கில் 56 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 லிட்டர் டீசல், 92 ரூபாய் விலையில் நாளொன்றுக்கு 940 ரூபாய்க்குள். ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டாது. இரவு வண்டி நின்றதால், மதியம் அதே ஆட்களை நகருக்கு ஏற்றிச் சென்ற பேருந்தின் வசூலும் விழுந்தது. திரும்பி வர வழியில்லாதவன் போகும்போது மட்டும் பேருந்தில் ஏன் ஏறுவான்? அடுத்த ஆண்டுப் பட்டியலில் அந்த மதிய நடை இடம்பெற்றது. ஒரு நடையின் நட்டத்தைத் தனியாகப் பார்த்து அறுக்கும் முறை, வழித்தடத்தை நுனியிலிருந்து தின்றுகொண்டே வரும் என்பதை நாங்கள் மெதுவாகத்தான் புரிந்துகொண்டோம்.

இதுவரை சொன்னவை ரூபாய்க் கணக்கு. உயிர்க் கணக்கு இதைவிடக் கொடியது. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். பேருந்துக்குள் இருந்து இறந்தவர்களின் பங்கு மிகச் சிறியது. அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 உடன் நாட்டிலேயே முதலிடத்திலும், இறப்பில் 17,884 உடன் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்திலும் இருந்தது. நாளொன்றுக்கு 49 பேர். பேருந்து ஒன்றில் இத்தனை பேர் ஒருசேர மாண்டால் விசாரணை ஆணையம் அமைக்கிறோம். தனித்தனியாக, வெவ்வேறு ஊர்ச் சாலைகளில் மாண்டால், மாவட்டச் செய்திப் பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடுகிறது.

எங்கள் ஊர்ச் சாலையில் அந்த முப்பது பேரில் இருவரை இழந்திருக்கிறோம். ஒருவர் இரவு பத்து மணிக்குமேல், பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் மோதினார். வயது இருபத்தாறு. வண்டிக்குக் காப்பீடு இருந்தது. புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயமாக இருப்பதால், வண்டி வாங்கும்போதே அதைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆனால் அது அந்த வண்டியால் பிறருக்கு ஏற்படும் தீங்குக்கு மட்டும் பொறுப்பேற்பது. ஓட்டிச் செல்பவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. லாரியின் மீது வழக்குத் தொடரலாம் என்று சொன்னார்கள். நின்றிருந்த லாரி எது என்று காட்டுவதற்குச் சாட்சி இல்லை. மீதித் தவணையைத் தாயார் கட்டி முடித்தார்.

இதற்கு நேர்மாறான காட்சியைப் பேருந்து நிலையங்களில் காணலாம். அரசுப் பேருந்து மோதி ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையைக் கழகம் செலுத்தத் தாமதித்தால், நீதிமன்ற ஊழியர்கள் நேரே பேருந்து நிலையத்துக்கு வந்து, பயணிகளை இறக்கிவிட்டு, கண்ணாடியில் அறிவிப்பை ஒட்டி, வண்டியை ஜப்தி செய்து ஓட்டிச் செல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி விலக்கு பெற்று, காப்பீட்டு நிறுவனத்தை நாடாமல் சொந்த நிதியிலிருந்தே இழப்பீடு வழங்கும் ஏற்பாடு கழகங்களுக்கு உண்டு. ஆகவே பேருந்தால் நேரும் ஒவ்வொரு விபத்தின் செலவும் அதன் பேரேட்டில் ஏறி, நட்டத்தின் ஒரு பகுதியாகவே செய்திகளில் வெளிவருகிறது. அது அவ்வாறுதான் இருக்க வேண்டும். இழப்பீட்டைத் தாமதிக்கும் பழக்கத்துக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் நாட்டில் ஓடும் வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை செல்லுபடியாகும் காப்பீடே இல்லாமல் ஓடுகின்றன, அவற்றில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே விபத்தின் செலவு எந்த ஏட்டிலும் ஏறாமல், அடிபட்டவரின் வீட்டு நகையிலும் நிலத்திலும் கழிகிறது.

அரசு ஏடுகளில் ஏறும் பகுதியும் ஓரிடத்தில் இல்லை. 2021 டிசம்பர் 18ஆம் நாள் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, அவர் எந்த மாநிலத்தவர் என்றும் பாராமல், கட்டணமின்றி அளிக்கிறது. மாநிலம் பெருமைப்படத்தக்க திட்டம். ஆயினும் அது போக்குவரத்தின் செலவேயன்றி வேறென்ன? அது மக்கள் நல்வாழ்வுத் துறையின் கணக்கில் கிடக்கிறது. சாலை போடுவதும் ஒட்டுப் போடுவதும் நெடுஞ்சாலைத் துறையிலும், போக்குவரத்துக் காவலர் ஊதியம் உள்துறையிலும், பெட்ரோல் வரிக் குறைப்பு வணிகவரித் துறையிலும், இறந்தவரின் மனைவிக்குத் தரும் உதவித்தொகை வருவாய்த் துறையிலும் சிதறியிருக்கின்றன. பேருந்துக்கு மட்டும் எல்லாச் செலவும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், ஒரே தொகையாகக் கூட்டிக் குற்றஞ்சாட்ட வசதியாக இருக்கிறது.

புகையைப் பற்றியும் அதே வழித்தடத்தை வைத்தே சொல்கிறேன். அந்த இரவு வண்டி நாளொன்றுக்குக் குடித்தது 10 லிட்டர் டீசல். அதற்கு மாற்றாக வந்த முப்பது மோட்டார் சைக்கிள்கள் குடிப்பது 33 லிட்டருக்கும் மேற்பட்ட பெட்ரோல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோவும், பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோவும் கரியமில வாயு வெளியேறும். ஆக 27 கிலோ இருந்த இடத்தில் இன்று 77 கிலோ. பழைய டீசல் பேருந்தின் கரும்புகையைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். கண்ணுக்குத் தெரியாமல் முப்பது குழாய்களில் பிரிந்து வரும் புகையை யாரும் பொருட்படுத்துவதில்லை. இந்த வாகனப் பெருக்கத்துக்காகச் சாலையை அகலப்படுத்தியபோது, எங்கள் பாட்டனார் காலத்துப் புளியமரங்கள் இருபுறமும் வெட்டப்பட்டன. ஆண்டுதோறும் புளியை ஏலம் விட்டு வந்த வருமானமும் நிழலும் போயின. நட்ட கன்றுகள் இன்னும் கம்பிக்கூண்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

நியாயமாகப் பேசுவதென்றால், சாலையைப் பொறுத்தவரை மோட்டார் சைக்கிள் சாது. கனமான வண்டிகள்தான் அதைச் சிதைக்கின்றன. பேருந்தும் அவற்றில் ஒன்று. அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தில் 1950களின் இறுதியில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் இன்றுவரை பின்பற்றும் விதி, அச்சின் மீதான பாரம் கூடினால் சாலைச் சிதைவு அதன் நான்காம் அடுக்கில் கூடும், அதாவது பாரம் இருமடங்கானால் சிதைவு பதினாறு மடங்காகும் என்பது. 2018 ஜூலையில் ஒன்றிய அரசு சரக்கு வாகனங்களின் பார வரம்பை உயர்த்தியபோது, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதித்த எடை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகக் கூடியது. பாரம் எட்டில் ஒரு பங்கு கூடியதாகத் தோன்றும். நான்காம் அடுக்கில் கணக்கிட்டால் சாலைக்கு ஏற்படும் தேய்மானம் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுகிறது. லாரி வாடகை சற்றுக் குறைந்தது. குழி நிரப்பும் செலவு நெடுஞ்சாலைத் துறையிடமும், குழியில் விழுந்தவரின் செலவு அவரிடமும் சேர்ந்தன.

சுங்கக் கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை. ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் அரசுப் பேருந்துக்கு உண்டு. 2025 ஜூலையில், 276 கோடி ரூபாய் நிலுவைக்காகக் கப்பலூர், நாங்குநேரி உள்ளிட்ட நான்கு சுங்கச்சாவடிகளின் வழியே அரசுப் பேருந்துகளை அனுமதிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போய், பின்னர் அவகாசம் அளிக்கப்பட்டது. கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டது தவறே. ஆனால் சாலையில் மிகக் குறைந்த இடத்தை அடைத்துக்கொண்டு மிக அதிகமானோரை ஏற்றிச் செல்லும் வண்டியிடம் கட்டணம் கேட்கும் விதியை யாரேனும் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம். 2018 ஜனவரியில் பயணக் கட்டணம் உயர்ந்தபோது டீசல் விலை 65 ரூபாய் அளவில் இருந்தது. அதற்குப் பின் டீசல் 92 ரூபாயைத் தொட்டுவிட்டது, கட்டணம் அங்கேயே நிற்கிறது. கட்டணத்தை உயர்த்த வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. அப்படியானால் அந்த இடைவெளியை 'நட்டம்' என்று அழைக்காமல், நாம் தெரிந்தே செய்யும் செலவு என்று அழைக்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறைக்கு ஒதுக்கும் பணத்தை யாரும் நெடுஞ்சாலையின் நட்டம் என்று சொல்வதில்லை.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைப்பதற்கில்லை. படிக்கட்டில் தொங்கும் மாணவர்களோடு ஓடும் பேருந்துகளையும், இரட்டைப் பணி பார்த்துக் கண் சொருகும் ஓட்டுநர்களையும், நிறுத்தத்தில் நிற்காமல் போவதையும் அறிவேன். இளைஞர்கள் மோட்டார் சைக்கிளை விரும்புவதும் இயல்பு. அது அவர்களுக்கு வேலையையும் சுதந்திரத்தையும் கொடுத்திருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் வண்டி வாங்கிய முப்பது பேரில் விரும்பி வாங்கியவர்கள் சிலர். ஏனையோர் ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்ப வேறு வழியில்லாததால் வாங்கியவர்கள்.

எனவே அரசிடம் நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் அன்று. ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வைக்கப்படும் போக்குவரத்துத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில், கழகங்களின் வரவு செலவோடு, மேற்சொன்ன துறைகள் எல்லாம் வாகனப் போக்குவரத்துக்காகவும் விபத்துகளுக்காகவும் செலவழித்ததையும் விட்டுக்கொடுத்ததையும் ஒரே அட்டவணையில் சேர்த்து வெளியிடட்டும். ஒரு நடையை ரத்து செய்யும் படிவத்தில் இப்போது வசூல், கிலோமீட்டர், இருக்கை நிரம்பிய அளவு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உள்ளன. அந்தப் பயணிகள் இனி எதில் செல்வார்கள், அந்தச் சாலையில் கடந்த மூன்றாண்டுகளில் நேர்ந்த விபத்துகள் எத்தனை என்பவற்றுக்கும் இரண்டு கட்டங்களைச் சேர்க்கட்டும். காவல் நிலையத்தில் அந்த விவரம் இருக்கிறது. இரவுப் பணி முறை வைத்திருக்கும் ஆலைகளும் கடைகளும் இரவு நடைகளின் டீசல் செலவில் ஒரு பங்கை ஏற்கும்படி கேட்கலாம். ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஓர் ஆலைக்குப் பெரிய தொகை அன்று.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை கழகங்களின் நட்டத் தொகையைத் தலைப்பில் வெளியிடும்போது, அதே ஆண்டில் மாநிலச் சாலைகளில் இருசக்கர வாகனங்களில் சென்று உயிரிழந்தோரின் எண்ணிக்கையையும் அதே பத்தியில், அதே அளவு எழுத்தில் அச்சிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாவட்ட வாரியாகத் தர இயலுமானால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனைக் கணக்கர்
(பெயரும் முகவரியும் தங்கள் அலுவலகப் பார்வைக்கு மட்டும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)